மார்ஃபிங் படங்களும் இளம்பெண்களின் தன்மதிப்பும்

ஒரு பெண்ணின் சாதாரண ஒளிப்படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, ஆபாசப் படத்திலுள்ள வேறோர் உடலுடன் பொருத்துவது மார்ஃபிங் எனப்படுகிறது. படம் பொய்யானது என்றாலும் அதனால் வரும் அவமானம் அப்பெண்ணையே சேர்கிறது. இதைத் தமிழகம் சேலத்தில் நேரடியாகக் கண்டது.

சேலம், 2016

விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளை அருகே, 2016 ஜூனில் இளம் பட்டதாரிப் பெண் ஒருவரின் மார்ஃபிங் படம் முகநூலில் வெளியானது. குடும்பத்தினர் காவல்துறையில் புகார் அளித்தனர். நடவடிக்கை தாமதமான நிலையில் மற்றொரு படமும் வெளியானது. ஜூன் 27 அன்று அப்பெண் உயிரிழந்தார். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதை நம்பும்படி வேண்டி அவர் கடிதம் எழுதியிருந்தார். பின்னர் இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

தன்மதிப்பு

அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் ஆகியோர் 1997இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். பெண்ணை வெறும் உடலாகப் பார்க்கும் சமூகத்தில் வளரும் பெண்கள், நாளடைவில் தங்களையும் பிறர் கண்கொண்டே பார்க்கப் பழகுகின்றனர் என்றும், அதனால் வெட்கமும் பதற்றமும் மிகுகின்றன என்றும் அவர்கள் விளக்கினர். குடும்ப மானத்தைப் பெண்ணின் உடலோடு பிணைத்துப் பேசும் ஊர்களில் இச்சுமை இரட்டிப்பாகிறது. படத்தை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு முன்பே, படம் எப்படி வெளியே போனது என்ற கேள்வி பெண்ணிடம் கேட்கப்படுகிறது.

சட்டத்தின் மாற்றம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 67ஆம் பிரிவு ஆபாசப் படத்தைப் பார்ப்போரின் ஒழுக்கத்தைக் கருதியே எழுதப்பட்டது. இப்பிரிவின்கீழ் நாட்டின் முதல் தண்டனைகளுள் ஒன்றை 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் வழங்கியது. அவ்வழக்கும் ஒரு பெண்ணை இணையத்தில் இழிவுபடுத்தியது தொடர்பானதே. 2009இல் நடைமுறைக்கு வந்த 66-இ பிரிவு, படத்தில் இருப்பவரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்க முனைந்தது. 2013இல் குற்றவியல் சட்டத் திருத்தம் ஒரு படி மேலே சென்றது: படமெடுக்கச் சம்மதித்த பெண்ணும் அதைப் பரப்பச் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றது.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் மார்ஃபிங் படங்களையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டன. பாதிக்கப்பட்டவர் புகார் அளித்த 24 மணி நேரத்துக்குள் படத்தை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்கு அவை கடமை விதித்தன. சேலம் பெண்ணுக்கு அன்று இந்த விதி இருக்கவில்லை.

சட்டத்தால் படத்தை நீக்க முடியும். புகார் சொல்லும் பெண்ணை முதலில் நம்புவது வீட்டாரிடமும் காவல் நிலையத்திடமும் உள்ள பொறுப்பாகும்.

உதவிக்கு: இணையக் குற்றப் புகார் 1930, பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனை 14416.