யாருடைய பெயர் நிற்கிறது? நிரல் களஞ்சியங்களை வரலாற்று ஆவணமாக வாசித்தல்

லினக்ஸ் கெர்னலின் கிட் களஞ்சியத்தை ஒரு பைத்தான் நிரலகத்தின் (லைப்ரரியின்) வழியாகத் திறந்து, பழைய கோப்பு ஒன்றின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்று கேட்டால், நெடுங்காலம் மாறாமல் எஞ்சியிருக்கும் வரிகளுக்கெல்லாம் ஒரே விடைதான் கிடைக்கும்: லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரல் 16. அன்று அவர் பதிந்த முதல் கமிட்டில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள், ஏறத்தாழ 67 லட்சம் வரிகள் உள்ளன. 1991 முதல் பல நாடுகளில் பலர் எழுதிச் சேர்த்த உழைப்பு அது. அத்தனையும் ஒரே நாளில் ஒரே பெயரின் கீழ் வந்து அமர்ந்துவிட்டது. நிரலகம் தவறாக எதையும் சொல்லவில்லை. களஞ்சியத்தில் இருப்பதைத்தான் சொல்கிறது.

யார், எங்கிருந்து, எப்போது பங்களித்தார்கள் என்பதற்குக் களஞ்சியங்களைச் சான்றாகக் காட்டும் ஆய்வுகள் பெருகிவிட்ட காலம் இது. சான்றாகக் காட்டப்படும் ‘எழுதியவர்’ என்ற புலத்துக்கே தனியொரு வரலாறு உண்டு. அதை அறியாமல் பெயர்களை எண்ணினால், கருவி மறந்த மனிதர்களை ஆய்வும் மறந்துவிடும்.

அந்த வரலாறு 1972இல் தொடங்குகிறது. பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் ஒன்றோடொன்று பின்னி ஒரே கோப்பில் வைத்தது. ஒவ்வொரு மாற்றத்துடனும் தேதி, மாற்றியவரின் பயனர் பெயர், மாற்றத்தின் காரணம் ஆகியவை பதிவாயின. பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ் வேறு வழியில் சென்றது. அண்மைப் பதிப்பை முழுமையாக வைத்து, முந்தைய பதிப்புகளை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்தது. இரண்டிலும் ஒரு நேரத்தில் ஒருவரே கோப்பைப் பூட்டி எடுத்துத் திருத்துவது வழக்கம். எல்லோரும் ஒரே கணினியில் பணிபுரிந்த அந்த உலகில் எழுதியவரும் பதிந்தவரும் பெரும்பாலும் ஒருவரே. ஒரு பெயர்ப் புலம் போதுமானதாக இருந்தது.

அந்தப் பொருத்தம் சிவிஎஸ் காலத்தில் குலைந்தது. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் 1986இல், ஆர்சிஎஸ்ஸின் மேல் இயங்கும் ஷெல் நிரல்களாக இதைத் தொடங்கினார். 1989இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் எழுதினார். பூட்டுமுறை விலகியது, ஒரே கோப்பில் பலர் ஒருசேரப் பணிபுரிய முடிந்தது. பின்னர் இணையத்தின் வழியே திறந்தமூலத் திட்டங்கள் வளர்ந்தபோது, களஞ்சியத்தில் எழுதும் உரிமை சிலரிடமே இருந்தது. மற்றவர்கள் தம் திருத்தங்களைப் பேட்ச்சுகளாக மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உரிமை பெற்றவர் அவற்றைப் பதிந்தார். களஞ்சியமோ பதிந்தவரின் பெயரை மட்டுமே அறிந்தது. ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தில் ‘அனுப்பியவர்’ என்று கமிட் குறிப்பிலேயே ஒரு வரி சேர்க்கும் மரபு தோன்றியது இக்குறையை ஈடுசெய்யத்தான். அந்த வரி எழுதப்படாத இடங்களில் பேட்ச் தந்தவரின் பெயர் களஞ்சியத்துக்குள் நுழையவே இல்லை. 2004இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட சப்வெர்ஷன், பல கோப்புகளில் செய்த மாற்றத்தை ஒரே செயலாகப் பதியும் வசதியைத் தந்தது. பெயருக்கு அதிலும் ஒரே இடம்தான்.

கெர்னல் திட்டம் தன் முதல் பத்தாண்டுகளில் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி எதையும் சாராமல், பேட்ச்சுகளையும் வெளியீட்டுக் கோப்புகளையும் கொண்டே இயங்கியது. 2002இல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவிக்கு மாறியது. அதன் இலவசப் பயன்பாட்டு உரிமம் 2005இல் விலக்கிக்கொள்ளப்பட்டதும், அவ்வாண்டு ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். பேட்ச் எழுதுபவர் ஒருவர், ஏற்றுப் பதிபவர் மற்றொருவர் என்ற கெர்னல் சமூகத்தின் நடைமுறை அதன் அமைப்பிலேயே இடம்பெற்றது. ஒவ்வொரு கமிட்டிலும் ‘ஆத்தர்’, ‘கமிட்டர்’ என இரு புலங்கள்; இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், மின்னஞ்சல், நேரம். எழுதியவருக்கு உரிய இடம் கருவிக்குள்ளேயே கிடைத்தது. ஆனால் டோர்வால்ட்ஸ் பழைய வரலாற்றைப் புதிய களஞ்சியத்துக்குள் கொண்டுவரவில்லை. பிட்கீப்பர் காலத்து வரலாறு பின்னர் தனிக் களஞ்சியமாகக் கிட்டுக்கு மாற்றப்பட்டது. முதன்மைக் களஞ்சியத்தை மட்டும் திறப்பவர் கண்ணுக்கு அது படாது.

இவற்றை ஆய்வாளர்கள் திரளாக வாசிக்கத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். மென்பொருள் களஞ்சியங்களை அகழ்ந்தாய்வது குறித்த முதல் பட்டறை 2004இல் எடின்பரோவில் கூடியது. சிவிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே பதிப்பெண் இட்டதால், எந்தெந்தக் கோப்புகள் ஒரே செயலில் மாறின என்பதை ஆய்வாளரே ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரே பயனர், ஒரே குறிப்பு, அடுத்தடுத்த நேரம் என்றிருந்தால் ஒரே செயல் என்று கொண்டார்கள். ஊகம் என்பது வெளிப்படையாகத் தெரிந்ததால், கட்டுரைகளில் அதை விளக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது.

கிட் வந்தபின் அந்தச் சுமை குறைந்தது. கிட் முதலில் சிறுசிறு கட்டளை நிரல்களின் தொகுதியாகவே எழுதப்பட்டது. பிற நிரல்கள் அதை உள்ளிருந்து அழைப்பது கடினம். 2008இல் ஷான் பியர்ஸ் தொடங்கிய லிப்கிட்2, அச்செயல்களை சி மொழி நிரலகமாகத் தந்தது. பைகிட்2 அதைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தது. கிட்பைத்தான் என்ற மற்றொரு நிரலகத்தின் மேல், ஆய்வாளர்களுக்காகவே 2018இல் பைட்ரில்லர் அமைக்கப்பட்டது. இன்று பத்து வரி நிரலில் ஒரு மாணவர் ஆயிரக்கணக்கான கமிட்டுகளை ஒவ்வொன்றாகக் கடந்து, எழுதியவர், தேதி, மாறிய கோப்புகள் ஆகியவற்றை அட்டவணையாக்கிவிட முடியும்.

இந்த எளிமையில் ஊகங்கள் மறைந்துபோகின்றன. ஒரு கோப்பின் பெயர் மாறியதாக நிரலகம் சொன்னால், அது களஞ்சியத்தில் பதிவான செய்தி என்று தோன்றும். கிட் பெயர்மாற்றத்தைப் பதிவதே இல்லை. நீக்கப்பட்ட கோப்பும் புதிதாக வந்த கோப்பும் போதிய அளவு ஒத்திருந்தால், ஒப்பிடும் வேளையில் அதைப் பெயர்மாற்றமாகக் கணிக்கிறது. இயல்பான வரம்பு 50 விழுக்காடு. வரம்பை மாற்றினால் கோப்பின் வரலாறும் மாறும். கமிட்டின் நேரமும் எழுதியவரின் கணினிக் கடிகாரம் சொன்னதே. தேதிப்படி வரிசைப்படுத்தினால் மகன் தந்தைக்கு முன் பிறந்ததாகக் காட்டும் களஞ்சியங்களும் உண்டு.

இந்தியப் பங்களிப்பை அளக்க விரும்புவோர் நேர வலயத்தை நாடுவது இயல்பு. சிவிஎஸ்ஸும் சப்வெர்ஷனும் நேரத்தை உலகப் பொது நேரத்தில் மட்டுமே வைத்தன; எழுதியவரின் வலயத்தைக் கிட்தான் பாதுகாத்தது. ‘+0530’ என்ற குறி இந்தியாவையும் காட்டும், இலங்கையையும் காட்டும். பெங்களூரில் அமர்ந்து, பொது நேரத்தில் இயங்கும் தொலைதூர வழங்கியில் பணிபுரிபவரை அது காட்டாது. சிவிஎஸ்ஸிலிருந்து மாற்றப்பட்ட கமிட்டுகளிலும் அது இராது. ஆகவே 2005க்கு முன் இந்தியர் எவரும் இல்லை என்று ஒரு வரைபடம் காட்டுமானால், அங்கே வெளிப்படுவது பதிவுமுறையின் எல்லை.

கிறிஸ்டியன் பேர்டும் அவருடைய குழுவினரும் 2009இலேயே கிட்டை அகழ்வதன் பலன்களையும் இடர்களையும் வகுத்துரைத்தனர். கமிட்டுகளை மறுவரிசைப்படுத்தவும் திருத்தவும் ஒன்றாக அழுத்தவும் கிட் இடம்தருகிறது. வாசகருக்கு எட்டுவது நடந்தவற்றின் நாட்குறிப்பாக இல்லாமல் செம்மை செய்யப்பட்ட பதிப்பாக இருக்கக்கூடும். பலருடைய கமிட்டுகள் ஒன்றாக அழுத்தப்படும்போது உடனுழைத்தவர்கள் மீண்டும் குறிப்பின் இறுதி வரிகளுக்கே தள்ளப்படுகிறார்கள். சிவிஎஸ் காலத்தின் மறதி புதிய உருவில் திரும்புகிறது.

மறதியை எதிர்கொள்ளவும் வழி உண்டு என்பதற்கு டியோமிடிஸ் ஸ்பினெல்லிஸ் 2015இல் வெளியிட்ட யூனிக்ஸ் வரலாற்றுக் களஞ்சியம் சான்று. பெல் ஆய்வகம், பெர்க்லி, 386பிஎஸ்டி ஆகியவற்றின் 24 வெளியீட்டு நிலைகளையும் மூன்று களஞ்சியங்களையும் இணைத்து, 1972 முதலான யூனிக்ஸின் வளர்ச்சியை அவர் கிட் வடிவில் அமைத்தார். தொடக்கக் கால யூனிக்ஸுக்குக் கமிட் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே அக்காலக் கமிட்டுகள் பின்னாளில் புனையப்பட்டவை. ஆனால் எந்தக் கோப்பை யார் எழுதினார் என்பதை முதன்மைச் சான்றுகளிலிருந்து தேடித் தொகுத்து, மொத்தம் 850 பங்களிப்பாளர்களை அடையாளம் கண்டு, தம் முறையையும் வெளிப்படையாக எழுதிவைத்தார். ஒரு நல்ல பதிப்பாசிரியர் பாடபேதங்களையும் தாம் சேர்த்ததையும் குறித்துவைப்பது போன்ற பணி அது.

மொழியியல் மாணவர்களுக்கும் இது அயலான செய்தி அன்று. ப்ராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 600 வாக்கியத் தமிழ் மரவங்கி, பின்னர் யூனிவர்சல் டிபென்டன்சீஸ் வடிவுக்கு மாற்றப்பட்டு இன்று கிட் களஞ்சியமாகக் கிடைக்கிறது. அதன் கமிட்டுகளை எண்ணினால், வடிவம் மாற்றியவர்களும் பராமரிப்பவர்களும் தெரிவார்கள். வாக்கியம் வாக்கியமாகப் பகுத்தவர்களின் முதல் உழைப்பு அந்த வரிசைக்கு முந்தையது. ரீட்மீ கோப்பிலும் அக்காலக் கட்டுரைகளிலும்தான் அதைத் தேட வேண்டும்.

களஞ்சியத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வேட்டில், எண்களுக்கு முன் மூன்று செய்திகளேனும் இடம்பெறுவது நன்று: களஞ்சியம் எந்தக் கருவியிலிருந்து மாறி வந்தது, எண்ணப்பட்டது எழுதியவர் புலமா பதிந்தவர் புலமா, கமிட் குறிப்புகளில் உள்ள பெயர்கள் சேர்க்கப்பட்டனவா. மூன்றையும் எழுத அரைப்பக்கம் போதும். அந்த அரைப்பக்கம் இல்லாத அட்டவணையில், பேட்ச் அனுப்பிய மனிதர் இரண்டாம் முறையும் காணாமற்போகிறார்.