சினை: ஒரு சொல்லின் வழி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் ஊர்களில் “மாடு செனையா இருக்கு” என்கிறார்கள். அதே சாலையில் ஷிப்டுக்குப் போகும் இளம்பெண்களிடையே ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்ற பெயர் அச்சத்தோடு புழங்குகிறது. அங்கே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். இத்தனை பேரைத் தொடும் பெயரின் வரலாறு அறியத்தக்கது.

பழந்தமிழில் சினை என்றால் மரக்கிளை. முழுப்பொருளை ‘முதல்’ என்றும் அதன் உறுப்பைச் ‘சினை’ என்றும் தொல்காப்பியம் வகுத்தது. கை, கண், இலை ஆகியவற்றைச் சினைப்பெயர் என்று இன்றும் பள்ளியில் படிக்கிறோம். ஓர் உடலிலிருந்து அரும்புவது என்ற பொருளில் இச்சொல் கருவுக்கும் மீன்முட்டைக்கும் ஆகிவந்தது. கலைச்சொல் ஆக்கியவர்கள் அங்கிருந்தே சினைமுட்டை, சினைப்பை என்ற சொற்களை அமைத்தார்கள்.

சினைப்பை இயங்கும் விதத்தை மாட்டிடமே காணலாம். மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி போடுவது வழக்கம். சினைப்பையில் முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் பெருகி மூளைக்கு எட்டுகிறது. மூளை பதிலுக்கு ஹார்மோன் அலையொன்றை எழுப்ப, பருவம் தொடங்கிச் சுமார் 30 மணி நேரத்தில் முட்டை வெளிவருகிறது. ஊசிக்கு நேரம் பார்ப்பது அதற்காகத்தான்.

மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து அந்த அலையை எழுப்ப வரும் ஆணையின் பெயர் ஜிஎன்ஆர்எச். ஷாலி என்ற அறிவியலாளர் பன்றி மூளைகளிலிருந்தும் கியமென் என்பவர் ஆட்டு மூளைகளிலிருந்தும் அதைப் பிரித்து, 1971இல் அமைப்பைக் கண்டறிந்தார்கள். 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். மாட்டிலும் மனிதரிலும் அது ஒரே மூலக்கூறு. இடைவிடாமல் சுரந்தால் சினைப்பை அடங்கிவிடும். விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரந்தால்தான் இயங்கும். அந்தத் துடிப்பை இயக்குபவை கிஸ்பெப்டின் சுரக்கும் நரம்பணுக்கள். கிஸ்பெப்டினை உணரும் ஏற்பி பழுதானவர்கள் பூப்படைவதில்லை என்று 2003இல் தெரியவந்தது.

‘நீர்க்கட்டி’ உள்ள பெண்கள் பலரிடம் இந்தத் துடிப்பு வேகமாக இருக்கிறது. அதனால் எல்எச் ஹார்மோன் கூடுகிறது, ஆண் ஹார்மோன்கள் மிகுகின்றன, முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் கருப்பு வட்டங்களாகத் தெரிபவை அப்படி நின்றுபோன முட்டைப்பைகளே. அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அங்கே இல்லை. 1935இல் மருத்துவர்கள் ஸ்டைனும் லெவந்தாலும் இந்நிலையை விவரித்தபோது கண்ணுக்குத் தெரிந்தது சினைப்பைதான். பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் பெண்ணின் கவலையை ஓர் உறுப்பின் மேல் குவித்துவிடுகிறது. இன்சுலினும் உடல் எடையும் இதில் பங்கு கொள்கின்றன. மாறிமாறி இரவு ஷிப்டு பார்க்கும் பெண்களிடம் மாதவிலக்கு தப்புவது கூடுதல் என்றும் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. முதல் இன்றிச் சினை இல்லை என்பது நம் இலக்கணம். ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கும் மருத்துவர் அந்தப் பெண்ணின் தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஷிப்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஷிப்டு அட்டவணை போடுகிறவர்களும் அந்தப் பதிலைக் காதில் வாங்க வேண்டும்.