முதலெழுத்து முறையும் சைவப் புலவரும்

அகரத்தை ஆதியாக உடையது அகராதி. ஒரு நூலிலுள்ள சொற்களையோ தொடர்களையோ முதலெழுத்து ஒத்தனவாகக் கூட்டி, நெடுங்கணக்கு முறையில் நிறுத்துதல் அகராதி முறையெனப்படும். இம்முறை மேனாட்டுப் பாதிரிமார் வந்த பின்னரே தமிழில் தோன்றிற்றென்று கூறுவார் பலர். வீரமாமுனிவரைத் தமிழ் அகராதியின் தந்தை என்றே வழங்குகின்றனர். முனிவர் 1732-ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியின் பெருமையைக் குறைத்தல் எமது கருத்தன்று. ஆயினும் அதற்கு 138 ஆண்டுகள் முன்னரே, 1594-இல், வீரசைவராகிய சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு என்னும் பெயராலேயே ஒரு நூல் செய்தனர். புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கேய அகராதி அம்பலக்காட்டில் அச்சேறியதும் 1679-இலேயாம். இதனைச் சைவ மாணவர் பலரும் அறியாதிருத்தல் இரங்கத்தக்கது.

ரேவண சித்தருக்கு முற்பட்ட நிகண்டுகள் வேறு நெறியின. திவாகரமும் பிங்கலமும் தேவர் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வகையாற் சொற்களைத் தொகுத்தன. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியோ, ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை பற்றி, அஃதாவது இரண்டாமெழுத்துப் பற்றி, வகுத்துச் செல்லும். முதலெழுத்திருக்க இரண்டாமெழுத்தைக் கொண்டது என்னையெனின், அந்நூல்கள் புரட்டிப் பார்த்தற்கு எழுந்தன அல்ல. நெட்டுருச் செய்தற்கு எழுந்தன. எதுகை ஓசை அடுத்த அடியை நாவிற்குக் கொணர்ந்து கொடுக்கும். இளமையில் மடத்துத் திண்ணையில் நிகண்டு ஒப்பித்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அற்றேல், முதலெழுத்து முறை ரேவண சித்தர்க்கு யாண்டிருந்து வந்தது? அவர் எதனை நோக்கிச் செய்தார் என்று துணிந்து கூற யாம் முற்படோம். எனினும் அம்முறையின் வித்து நம் திருமுறையிலேயே உளது. ஐந்தாந் திருமுறையில் திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய சித்தத்தொகைத் திருக்குறுந்தொகையை ஓதுவார் அறிவர். அதன்கண் முதற்பாட்டை அடுத்து வரும் பாட்டுக்கள் அகர முதலாக எழுத்து முறையே தொடங்குதல் காண்க. சொல்லுக்கு முதலாதல் அரிதாகிய ஙகரத்தையும் சுவாமிகள் விட்டிலர். ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுத்து வரிசையிற் சென்றன. பிரபந்த வகையுள் வருக்கக்கோவை என ஒன்றும் உண்டாயிற்று. இவையெல்லாம் ஓதுதற்கும் நினைவிற் கொள்ளுதற்கும் அமைந்தனவேயன்றித் தேடுதற்கு அமைந்தன அல்ல. ஓதுதற்கு இருந்த வரிசையைத் தேடுதற்குக் கருவியாக்கியதே ரேவண சித்தர் செய்த புதுமையாம்.

அதன்கண் ஒரு குறையும் உண்டு. அவர் முதலெழுத்தளவில் நின்றனர்; இரண்டாமெழுத்து முதலியவற்றை வரிசைப்படுத்திலர். ஆகவே ககரத்திற் றொடங்கும் சொல்லொன்றைக் காண்பார் ககரப் பகுதி முழுதும் துருவ வேண்டும். நூலும் நூற்பாவால் ஆயது. செய்யுள் யாப்பிற்குள் நின்று எழுத்துவரிசை முற்றும் காத்தல் எளிதன்று. வீரமாமுனிவர் யாப்பை விடுத்துப் பின்னெழுத்துக்களையும் முறைப்படுத்தினார். தொடங்கியவர் ஒருவர், நிரப்பியவர் ஒருவர் என்று கோடலே நடுவுநிலையாம்.

இனி, இம்முறையாற் பெரும்பயன் எய்தியது தேவார அடங்கன்முறையே என்னலாம். பண்முறையாகவும் தலமுறையாகவும் தொகுக்கப்பட்ட 8,000-க்கு மேற்பட்ட பாட்டுக்களுள், பண்ணும் தலமும் அறியாத ஒருவன் காதில் விழுந்த ஒரு பாட்டை எங்ஙனம் காண்பான்? முன்னாளில் ஓதுவாரை அடைந்து கேட்பதே வழி. அச்சுப் பதிப்புக்களின் இறுதியிற் சேர்க்கப்பட்ட பாட்டு முதற்குறிப்பு அகராதி அவ்வருமையைப் போக்கிற்று. ஒரே தொடரால் தொடங்கும் பல பாட்டுக்கள் அதன்கண் அருகருகே நிற்றலால், ஓராசிரியர் மற்றோராசிரியர் வாக்கை எடுத்தாண்ட இடங்களும் ஆராய்வார்க்குப் புலனாகின்றன.

ஆயினும் முதலெழுத்தை முற்றும் நம்பி விடலாகாது. பழைய ஏடெழுதினோர் எகர ஒகரங்கட்குப் புள்ளியிடாது விடுத்தமையால், எகரமோ ஏகாரமோ எனப் பதிப்பாளரே மயங்குதல் உண்டு. நான் என ஒருவர் பாடங்கொள்ளுமிடத்து யான் என மற்றொருவர் கொள்வர். ஆனை யானை எனவும், ஆறு யாறு எனவும், நண்டு ஞண்டு எனவும் முதலெழுத்து மாறும். அம்மாற்றம் பாட்டின் முதலில் நிகழின், ஒரு பதிப்பில் ஆகாரத்தின் கீழ் உள்ள பாட்டு மற்றொரு பதிப்பில் யகரத்தின் கீழ்ச் சென்று ஒளிக்கும். முதற்குறிப்பிற் காணப்படாமையின் இது திருமுறைப் பாட்டன்று என்று விரைந்து முடிவு செய்வாரும் உளர். அன்னார் முதற்கண் மற்றை எழுத்தின் கீழும் தேடுக. பின்னர்ப் பிறிதொரு பதிப்பையும் நோக்குக. அதன் பின்னும் காணாராயின் ஓதுவார் ஒருவரைக் கேட்டறிக.