மூன்று கார்டுக்குள் ஒரு சங்கராபரணம்



நம் குடியிருப்பில் பல வீடுகளில் கிட்டார் இருக்கிறது. அதில் பாதி உறையை விட்டு வெளியே வருவதில்லை. "அது மேல்நாட்டு வாத்தியம், நமக்கு வராது" என்று நினைத்து மூலையில் சாய்த்து வைத்தவர்களுக்காகவே இந்தப் பழைய கதை.

மாகறல் சம்பந்தர் பாடிய தலம். தேவாரம் முதல் கீர்த்தனை வரை நம் இசை ஒற்றை வரியாக, ஸ்வரத்தின் பின் ஸ்வரமாக நடப்பது. மேல்நாட்டு இசையிலோ பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். மூன்று ஸ்வரம் சேர்ந்தால் ஒரு கார்டு.

இரண்டும் சந்தித்தது சென்னைக் கோட்டைப் பக்கம். மணலியில் வளர்ந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சங்கராபரணத்தில் அமைந்த அவையே நோட்டு ஸ்வரங்கள். சுமார் 40 உள்ளன. பிற்பாடு நம் காஞ்சியிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்று அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்.

வயலின் நம்முடையதாகிவிட்டது, கிட்டார் ஏன் தாமதித்தது? வயலினில் கட்டைகள் இல்லை. விரலை இழுத்தால் கமகம் வந்துவிடும். கிட்டாரின் பலமோ கார்டு. அதற்கு இடம் கொடுத்தது சினிமாதான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1980-ல் வந்த 'மூடுபனி', 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' ஆகிய படங்களின் நிலாப் பாடல்கள் இரண்டிலும் கிட்டாரை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

இனி உங்கள் முறை. ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளை மட்டும் பழகுங்கள். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால், ஜி கார்டு ச-க-ப. சி கார்டு ம-த-ச. டி கார்டு ப-நி-ரி. எண்ணிப் பாருங்கள், ஏழு ஸ்வரமும் வந்துவிட்டன. தீட்சிதர் எடுத்த அதே சங்கராபரணம்தான்! அடுத்து இ மைனர். ஐந்தாம், நான்காம் கம்பிகளில் இரண்டாம் கட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் போதும். மேஜர் கார்டின் காந்தாரத்தை அரை ஸ்வரம் இறக்கினால் மைனர். பாட்டில் ஏக்கம் வருவது அங்கேதான்.

இந்த நான்கையும் கொண்டு எத்தனையோ சினிமாப் பாட்டுகளுக்குக் கூட வாசிக்கலாம். பாடுபவரின் சுருதி உயர்ந்தால் கழுத்தில் கேப்போவை மாட்டுங்கள். விரல்களின் பிடி மாறாது. முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும், பிறகு தோல் தடித்துவிடும். பெரும்பாலோர் கிட்டாரை உறைக்குள் வைப்பது அந்த வாரங்களில்தான். அதைத் தாண்டும்வரை தினம் 15 நிமிடம் போதும், பிள்ளைகளோடு நீங்களும் உட்காருங்கள்.