பதுளை மலைகளில் ஒற்றைத் தடம்

1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கிற்று. அதன் பிரதான கோபுரம் பீதுருதாலகாலைச் சிகரத்தில். அலையோ நேர்க்கோட்டில் செல்வது. பதுளைத் தோட்டங்களில் இடையே எப்போதும் ஒரு மலை. ஒரு லயத்தில் தெளிந்த படம், அடுத்த லயத்தில் 'மழை'. மின்சாரம் எட்டாத இடங்களில் கார் பற்றரிதான் கைகொடுத்தது.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தது. செய்மதித் தட்டு வைத்தவர்களுக்கு அலை வானத்திலிருந்தே இறங்கியது. பெறுகருவியின் பின்புறம் வெள்ளை, சிவப்பு என இரு ஒலித் துளைகள்; சாதாரண டெக்கிலோ ஒன்றே. வெள்ளையை மட்டும் செருகினால் வலப்பக்க வாத்தியங்கள் பதிவில் மாயமாகும். இரண்டையும் ஒன்றாக இணைக்கத் தெரிந்தவர் தப்பினார். அப்போதும் ஒலி மங்கல்தான்: பாட்டுக் கசெட் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும், விஎச்எஸ் நாடா 2.34 செ.மீ. மட்டுமே ஊரும். ஸ்டீரியோவை உள்ளபடி பதியும் 'ஹைஃபை' டெக் 1980களிலேயே வந்துவிட்டது. தோட்டத்துச் சம்பளத்துக்கு அது எட்டுமா?

சினிமாப் பாட்டு போனால் போகட்டும், எங்கும் கிடைக்கும். காமன் கூத்தும் கலியாணமும் பதிந்த நாடாக்களின் மேலேயே படம் பதிந்த வீடுகள் உண்டு. கசெட்டின் முதுகிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிட்டால் மேலே பதிய இயலாது. அந்த ஓட்டையையும் ஒட்டுநாடாவால் மூடிப் பதிந்தார்கள். மிஞ்சியவற்றை மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் தின்கிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் கைவசம் உள்ளவர்கள், கூத்து நாடாவை முதலில் கணினியில் ஏற்றிவிடுங்கள்.