எஞ்சினுக்கு ஒரு ஸ்தலபுராணம்

மலைக்கு ஒரு புராணமும் சுனைக்கு ஒரு புராணமும் வழங்கும் திருப்பதிச் சீமையில் பிறந்தவர்கள், சென்னையில் சில சுதந்திர தினங்களில் புகை கக்கி ஓடிய 'எக்ஸ்பிரஸ்' என்னும் புராதன நீராவி எஞ்சினைக் காணும்போது, 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் ரயிலை இழுத்தது இதுவே என்றோ, நம் பாட்டன்மாரைச் சித்தூர் மார்க்கமாக ஏழுமலையான் சந்நிதிக்குச் சேர்த்தது இதுவே என்றோ மனத்துக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பக்திக்கு அந்தச் சலுகை உண்டு; சரித்திரத்துக்குத்தான் இல்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் கம்பெனியார் 1855-இல் செய்தனுப்பிய இது, கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ஆம் எண் எஞ்சின். அதாவது வங்காளத்துப் பிரஜை. 22-ஆம் எண் பூண்ட அதன் உடன்பிறப்புதான், ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டிகளை இழுத்துப் பின்னர் உலகப் புகழெய்திய 'ஃபேரி குவீன்'. (அந்தப் பெயரும் பிறந்து நாற்பது வருஷம் கழித்தே, 1895-இல்தான் சூட்டப்பட்டது.) 1909-இல் ஓய்வுபெற்று, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப்பொருளாய் நின்ற 'எக்ஸ்பிரஸ்', மதராஸ் ரயில்வே ஸ்தாபித்த பெரம்பூர் பட்டறையின் தொழிலாளர் கைபட்டு 2010-இல் மறுபடி உயிர் பெற்றது. தென்னாட்டோடு அதற்கு நேர்ந்த சம்பந்தம் முதுமையில்தான்.

சித்தூர்ப் பாத்தியதையை மறுக்கவோ ஏட்டுச் சாட்சி தேவையில்லை, சக்கரமே போதும். அதன் சக்கரங்களின் இடைவெளி ஐந்தடி ஆறங்குலம். விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தென்னிந்திய ரயில்வேயார் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் போட்ட தண்டவாளமோ ஒரு மீட்டர் அகலமே உடையது. மதராஸ் ரயில்வேயின் அகலப்பாதை ரேணிகுண்டாவைத் தொட்டுக்கொண்டு ராய்ச்சூருக்குப் போயிற்று. ஆகவே அவ்வழி வந்த யாத்திரிகர்கள், மூட்டை முடிச்சுகளோடும் முடியிறக்க வேண்டிய குழந்தைகளோடும் ரேணிகுண்டாவில் இறங்கி, மீட்டர் பாதையின் சிறிய வண்டிக்கு மாறித் திருப்பதி சேர்ந்தார்கள். கோவிந்த நாமம் ஒலிக்க அவர்களைச் சுமந்த எஞ்சின்களுக்குப் பட்டமும் இல்லை, சுதந்திர தின ஊர்வலமும் இல்லை.

பின்னாளில் காட்பாடி–திருப்பதி மார்க்கமும் அகலப்பாதையாக மாற்றப்பட்டுவிட்டது. ஆகையால், உத்தரவு கிடைத்தால் வங்காளத்து 'எக்ஸ்பிரஸ்' இன்று சித்தூர் வரை தாராளமாக ஓடி வரலாம். நம் பாட்டன்மாரை உண்மையிலேயே சுமந்த மீட்டர் பாதை எஞ்சின் எதுவும் அந்தத் தண்டவாளத்தில் இனி ஏற முடியாது.