இரண்டு கோட்டைகள்

சீனன்குடாவில் படிப்பிக்கும் எனக்கு வரலாற்றுப் பாடத்தில் பெருந்துணை, திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டை. கோணேசர் கோயிலை 1622இல் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே 1624இல் இதைக் கட்டினார்கள். வாசற் சுவரில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் பாண்டியரின் இணைக்கயலும் இன்றும் தெரிகின்றன.

1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். மாரிக் காற்றில் இந்தியாவின் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்களுக்கு ஒதுங்கிடமில்லை. அதனால்தான் எங்கள் துறைமுகத்துக்கு இத்தனை போட்டி. 1795இல் மீண்டும் பிடித்த ஆங்கிலேயர், 1803இல் யோர்க் கோமகன் பிரட்ரிக்கின் பெயரைச் சூட்டினர். இன்று உள்ளே இராணுவ முகாமும், கோயிலுக்குப் போகும் வீதியும், மரநிழலில் புள்ளிமான்களும் உண்டு. குடிசனம் வாழும் தெருக்கள் இல்லை.

காலிக் கோட்டைக்குப் போனபோது இந்த வேறுபாடுதான் என்னை நிறுத்திவைத்தது. போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த அந்தக் கோட்டைக்குள் ஓர் ஊரே இருக்கிறது. கயிறு திரித்த இடம் லெயின் பான் வீதியாகப் பெயர் தாங்கி நிற்கிறது. 1755இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் ஒரு புறம். வெளிச்சவீட்டின் அருகே, தூரத்திலிருந்து பார்ப்போர் தேவாலயமென்றே நினைக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் மறுபுறம். பல தலைமுறைகளாக முஸ்லிம் குடும்பங்கள் இங்கே வாழ்ந்து வருகின்றன. மாணிக்க வியாபாரம் பலருக்குத் தொழில்.

1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. 2004 சுனாமி காலி நகரை அழித்தபோது, மதில்கள் உள்ளிருந்தோரைப் பெருமளவு காத்தன. ஆனால் மதிலால் தடுக்க முடியாதது பணம். வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வந்தரும் வீடுகளை வாங்கினர். 2007இல் இலக்கிய விழாவும் தொடங்கியது. ஓவியக் கூடங்கள், கோப்பிக் கடைகள், சிறு ஹோட்டல்கள் என்று கலைஞர்களும் பயணிகளும் கூடும் இடமாகிவிட்டது. திண்ணையில் கதைபேசும் வீடுகள் குறைந்துகொண்டே போகின்றன.

விற்றவர்களை நான் குறைசொல்லமாட்டேன். பழைய வீட்டைப் பேணுவது பெருஞ்செலவு. பிள்ளைகளுக்குப் பங்கு பிரிப்பதென்றால் விற்கத்தான் வேண்டும். சிதைந்திருந்த பல கூரைகள் புதியவர்களின் காசால் நிமிர்ந்ததும் உண்மை.

என் கவலை வேறு. தளபதிகளின் பெயர்களை ஏடுகள் காத்துவிட்டன. எந்த வீட்டில் யார் இருந்தார், என்ன தொழில் செய்தார், எந்த வாசலால் மணமகன் வந்தான் என்பதெல்லாம் மூத்தோரின் ஞாபகத்தில் மட்டும் கிடக்கின்றன. காலியிலுள்ள வாசகர்களே, சாவி கைமாறுமுன் ஒரு கொப்பியில் அவற்றை எழுதி வையுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் போதும்.